பெருநாளுக்கு முன்னொரு நாள்

நுழையும் முன்

பல நாள் திட்டமிட்டுச் செல்லும் பயணம் ஒரு வகை. நினைத்தவுடன் புறப்படும் பயணம் மற்றொரு வகை. மேற்கு வங்காளத்தின் கரக்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள்களுக்கு முன்னர்த் திடீரெனப் புறப்பட்டுக் கொல்கத்தா சென்றுவந்த கதையை இப்பாடத்தில் காண்போம். நீங்கள் வாழும் ஊருக்கு அருகில் உள்ள பெருநகரத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு படியுங்கள்.

வங்காள மக்கள் கிறிஸ்துமஸ் திருநாளைப் 'பொரோதின்' என்று அழைப்பர். 'பெரிய நாள்' என்பது அச்சொல்லின் பொருள். இந்தியிலும் அதனைப் 'படா தின்' என்பர். தமிழிலும் விழா நாளைப் 'பெருநாள்' என்று கூறும் வழக்கம் உண்டு. ஆனால், ஆண்டிலேயே பகற்பொழுது மிகக் குறுகி இருப்பது டிசம்பர் இறுதியில்தான். பகல் குறுகிய நாளைப் 'பெரிய நாள்' என்பது ஏன்? எட்டாம் வகுப்பில் பயிலும் ஒரு சிறுமிக்கு இந்த ஐயம் நெடுநாளாக இருந்தது. அதற்கான விடை, அவள் எதிர்பாராத ஓர் இடத்தில் கிடைத்தது.

புறப்பாடு

கரக்பூர், தொடர்வண்டியால் வளர்ந்த ஊர். அங்குள்ள 1072.5 மீட்டர் நீளமான நடைமேடை, உலகின் மிக நீண்ட நடைமேடைகளுள் ஒன்று. இரயில்வே பணிக்காக அங்கு வந்த தமிழர்களும் தெலுங்கர்களும் தலைமுறைகளாக அவ்வூரில் வாழ்கின்றனர்.

அச்சிறுமியின் தந்தை, வண்டிப் பெட்டிகளின் சக்கரங்களையும் தடுப்புக் கருவிகளையும் சோதிக்கும் பொருத்துநர். பெற்றோரின் சொந்த ஊர் திருநெல்வேலிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். அவளும் அவள் தம்பியும் பிறந்தது கரக்பூரில். கோடை விடுமுறையில் ஆச்சியைக் காண அவர்கள் தெற்கே செல்வர். சென்னைக்குச் செல்லும் வண்டி கரக்பூரிலேயே நிற்பதால், வடகிழக்கே ஏறத்தாழ 115 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கொல்கத்தாவுக்குச் செல்லும் தேவை அவர்களுக்கு நேர்ந்ததில்லை. பொங்கலுக்கு வேண்டிய பொருள்களை வாங்க, தமிழர் பலர் வாழும் லேக் மார்க்கெட் பகுதிக்குத் தந்தை மட்டும் சென்றுவருவார். ஆகவே, கொல்கத்தா என்றதும் அப்பிள்ளைகளின் நினைவுக்கு வருவது, தந்தையின் பையிலிருந்து எழும் காப்பித்தூளின் மணம் மட்டுமே.

அடுத்த வீட்டில் ஆங்கிலோ இந்திய மூதாட்டி ஒருவர் வாழ்ந்துவந்தார். இரயில்வே மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அவரைப் பிள்ளைகள் 'ஆன்ட்டி' என்று அழைப்பர். ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமசுக்கு முன்னர் அவர் கொல்கத்தாவின் நியூ மார்க்கெட்டுக்குச் சென்று பிளம் கேக் வாங்கிவருவார். அதில் இப்பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. பொங்கலன்று இவர்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் அவர் வீட்டுக்குச் செல்லும். இவ்வழக்கம் ஓர் ஆண்டும் தவறியதில்லை. இவ்வாண்டு முழங்கால் வலியால் அவரால் வாயிற்படி இறங்கவும் இயலவில்லை.

டிசம்பர் 23ஆம் நாள் காலை. பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை. இரவுப் பணி முடிந்து வீடு திரும்பிய தந்தை, “நாளை இரவுவரை எனக்கு ஓய்வு” என்றார். காப்பியை அவர் முன் வைத்த தாய், “இவ்வாண்டு ஆன்ட்டிக்கு நாம் கேக் வாங்கி வந்தால் என்ன?” என்று கேட்டார்.

“எப்போது?” என்றார் தந்தை.

“இன்றைக்குத்தான்.”

தந்தை கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி அதற்குள் காலணியைத் தேடத் தொடங்கிவிட்டான். ஒரு மணி நேரத்தில், எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களுடன் நால்வரும் ஹௌரா செல்லும் மின்தொடர்வண்டியில் அமர்ந்திருந்தனர். இரவெல்லாம் விழித்திருந்த தந்தை, வண்டி நகர்ந்ததும் உறங்கிப்போனார்.

ஆற்றின் அடியில்

வண்டி ஒவ்வொரு நிலையத்திலும் நின்று சென்றது. பொரியில் வெங்காயம், பச்சைமிளகாய், கடுகெண்ணெய் கலந்து 'ஜால்மூரி' விற்பவர் ஏறினார். டார்ஜிலிங் ஆரஞ்சுப் பழங்களைக் கூடையில் சுமந்தபடி மற்றொருவர் வந்தார். கோலாகாட் அருகே ரூப்நாராயண் ஆற்றுப் பாலத்தின்மீது வண்டி ஓடியது. பூ விளையும் பகுதி அது. செவ்வந்தி மாலைகளை மூட்டைகளாகக் கட்டி ஏற்றினர் வணிகர். “இப்பூக்கள் எங்கே செல்கின்றன?” என்று சிறுமி வங்காள மொழியில் கேட்டாள். ஹௌரா பாலத்தின் அடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தைக்கு என்றார் ஒருவர். அதைத் தாய்க்குத் தமிழில் கூறினாள். பதினைந்து ஆண்டுகளாக வங்காளத்தில் வாழ்ந்தும், காய்கறி வாங்கும் அளவுக்கே தாய்க்கு அம்மொழி தெரியும். வீட்டுக்கு வெளியே தாய்க்கு வாயாக இருப்பவள் மகள்தான்.

நண்பகலுக்குச் சற்று முன்னர் வண்டி ஹௌராவை அடைந்தது. நிலையத்துக்கு வெளியே வந்ததும் ஹூக்ளி ஆற்றின்மீது எழுந்து நின்ற பாலத்தைத் தந்தை சுட்டிக்காட்டினார். உறக்கம் அவர் கண்ணிலிருந்து அகன்றிருந்தது.

“1943ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலம் இது. 26,500 டன் எஃகு. பெரும்பகுதி எஃகு டாட்டா ஆலையிலிருந்து வந்தது. இதன் எஃகுத் துண்டுகளைத் திருகாணி கொண்டு பிணைக்கவில்லை. தறையாணிகளைக் காய்ச்சி, அடித்து, இறுக்கியிருக்கிறார்கள்” என்றார். அவர் ஒரு பாலத்தைப் பற்றி இவ்வளவு பேசிப் பிள்ளைகள் கேட்டதில்லை.

“பாலத்தின்மேல் போவோமா, ஆற்றின் அடியில் போவோமா?” என்று தந்தை கேட்டார். 2024ஆம் ஆண்டு மார்ச் திங்கள் முதல், ஹௌராவிலிருந்து எஸ்பிளனேடுக்கு மெட்ரோ தொடர்வண்டி ஆற்றின் அடியில் தோண்டப்பட்ட சுரங்கத்தின் வழியே ஓடுகிறது. ஆற்றுக்குக் கீழே ஓடும் இந்தியாவின் முதல் தொடர்வண்டி வழி அது.

“போகும்போது அடியில், வரும்போது மேலே!” என்றான் தம்பி.

ஆற்றைக் கடக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. “தண்ணீர் தெரியவே இல்லையே!” என்று தம்பி வருந்தினான். “தெரிந்தால்தான் வருந்த வேண்டும்” என்றார் தந்தை. பெட்டியில் அருகில் நின்றவர்களுக்குத் தமிழ் புரியாவிட்டாலும், நால்வரும் சிரித்ததைக் கண்டு அவர்களும் சிரித்தனர்.

வரிசையில்

எஸ்பிளனேடிலிருந்து சிறிது தூரம் நடந்ததும், செங்கல் சுவர்களும் மணிக்கூண்டும் கொண்ட நியூ மார்க்கெட் தெரிந்தது. 1874ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட சந்தை அது. தாளால் செய்த விண்மீன்களும் சிறு மணிகளும் பஞ்சுத் தாடிகளும் கடைகளில் தொங்கின.

அவர்கள் தேடிவந்தது நாகூம் அடுமனை. பாக்தாதிலிருந்து வந்து கொல்கத்தாவில் குடியேறிய யூதர் ஒருவர் 1902ஆம் ஆண்டு தொடங்கிய தொழில் அது. கடையை அவர்கள் காணும் முன்பே வரிசையைக் கண்டனர். சந்தையின் நடைவழியில் அது வளைந்து வளைந்து நீண்டிருந்தது.

வரிசையின் கடைசியில் நின்று அரைமணி கழித்து, தந்தை தாழ்ந்த குரலில் கணக்கிட்டார். “இப்படியே சென்றால் நான்கு மணி ஆகும். புனித பவுல் பேராலயத்தைப் பார்க்க இயலாது. ஏழு மணி வண்டியை விட்டால் வீடு சேர நள்ளிரவு ஆகும். பார்க் தெரு விளக்குகளையும் பார்க்க நேரம் இருக்குமோ, என்னவோ.”

தம்பியின் முகம் வாடியது. விளக்குகளைப் பார்க்கவே அவன் வந்தான். “வேறு கடையில் கேக் வாங்கிவிடலாமே!” என்றான்.

“வாங்கலாம். ஆனால், ஆன்ட்டி ஒவ்வோர் ஆண்டும் இந்த வரிசையில் நின்றுதானே நமக்கு வாங்கி வந்தார்?” என்றார் தாய். தம்பி மறுமொழி கூறவில்லை.

சிறுமி சிந்தித்தாள். புவியியல் பாடம் அவள் நினைவுக்கு வந்தது. “அப்பா, இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம். அது 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கொல்கத்தா அதற்கும் கிழக்கே, ஏறத்தாழ 88 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே, இங்குக் கதிரவன் முன்னதாகவே மறையும். அதோடு, குளிர்காலத்தில் வடக்கே செல்லச் செல்லப் பகல் குறையும். சென்னையில் இப்போது 5.50 மணிக்கு மறையும் கதிரவன், இங்கு 5 மணிக்கே மறைந்துவிடும். நான்கு மணிக்கு வாங்கினாலும் விளக்குகளைப் பார்க்கலாம்!” என்றாள்.

தந்தை மகளை வியப்புடன் நோக்கினார். வரிசையில் நிற்பது என்று முடிவாயிற்று. பேராலயம் மற்றொரு நாளைக்கு என ஒதுக்கப்பட்டது.

அவர்களுக்கு முன்னால் முதியவர் ஒருவர் துணிப்பையுடன் நின்றிருந்தார். தமிழ் ஒலியைக் கேட்டுத் திரும்பி, தாயிடம் வங்காள மொழியில், “உங்கள் தேஷ் எது?” என்று வினவினார். தாய் மகளைப் பார்த்தார்.

“கரக்பூர்” என்றாள் சிறுமி.

“அது 'பாரி', அதாவது வீடு. நான் கேட்டது தேஷ்.”

“திருநெல்வேலி. தமிழ்நாட்டில் இருக்கிறது.”

“அங்கே பிறந்தாயா, அம்மா?”

“இல்லை. விடுமுறையில் போவோம்.” இவ்விடையைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சிறிது கூச்சம் ஏற்படும். திருநெல்வேலியில் அவளை 'வடக்கத்திப் பிள்ளை' என்பர். கரக்பூர் வகுப்பிலோ 'மதராசி' என்பர். இரண்டு ஊரிலும் தான் விருந்தாளியோ என்று அவள் எண்ணியதுண்டு.

முதியவர் சிரித்தார். “நான் பிறந்தது இந்தச் சந்தைக்குப் பின்னால் உள்ள தெருவில். என் தேஷ் பரிசால். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. 1947இல் நாடு பிரிந்தபோது என் பெற்றோர் இங்கு வந்துவிட்டார்கள். நான் பரிசாலைக் கண்டதே இல்லை.”

இதைத் தமிழில் கூற முயன்ற சிறுமி, 'தேஷ்' என்னும் சொல்லில் தடுமாறினாள். 'நாடு' என்றால் பொருந்தவில்லை. 'ஊர்' என்றாலும் போதவில்லை. 'சொந்த ஊர்' என்றதும் தாய்க்கு விளங்கிவிட்டது. “பார்க்காத ஊரை எப்படிச் சொந்த ஊர் என்கிறார்? கேட்டுச் சொல்” என்றார் தாய்.

முதியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “பரிசாலில் கீர்த்தன்கோலா என்று ஓர் ஆறு உண்டு. என் தாய் அந்த ஆற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். பரிசாலைத் தாய் சொல்லித் தெரிந்துகொண்டேன். கொல்கத்தாவைக் காலால் நடந்து தெரிந்துகொண்டேன். இரண்டும் எனக்கு வேண்டும்” என்றார்.

சிறுமி அதை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். தாய் ஒன்றும் கூறாமல், பையிலிருந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலம் ஒன்றை எடுத்து முதியவரிடம் நீட்டினார். நின்றபடியே அவர் உண்டார். “புளிப்பு நன்றாக இருக்கிறது” என்றார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அதன் பிறகு பேச்சு எளிதாயிற்று. சிறுமி தன் நெடுநாள் ஐயத்தைக் கேட்டாள். “பகல் குறுகிய நாளைப் 'பெரிய நாள்' என்பது ஏன்?”

“டிசம்பர் 22ஐ ஒட்டிப் பகல் மிகக் குறுகும், பிறகு சிறிது சிறிதாக வளரும். பகல் வளரத் தொடங்கும் வேளையில் வரும் திருநாள் என்பதால் அப்பெயர் என்பர் சிலர். சிறப்பு மிக்க நாள், ஆகவே பெரிய நாள் என்பர் வேறு சிலர். எனக்குத் தெரிந்தது ஒன்று. என் வீட்டில் துர்க்கை பூசை செய்வோம், ஆயினும் இந்தக் கேக் இல்லாமல் டிசம்பர் கழிந்ததில்லை” என்றார் முதியவர்.

மூன்றே முக்கால் மணிக்கு அவர்கள் கடையினுள் நுழைந்தனர். உலர்திராட்சையும் வெண்ணெயும் கலந்த மணம் நிறைந்திருந்தது. தாய் இரண்டு பிளம் கேக்குகளைக் கேட்டார். அதை அவரே வங்காள மொழியில் கேட்டார்.

விளக்குகள்

முதியவரிடம் விடைபெற்று, சௌரங்கி சாலை வழியே தெற்கு நோக்கி நடந்தனர். 1814ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய அருங்காட்சியகம் இடப்புறம் இருந்தது. பார்க் தெருவை அடைந்தபோது வானம் சிவந்திருந்தது. மண்குவளையில் தேநீர் வாங்கி அருந்தினர். சிறுமி கணக்கிட்டவாறே 5 மணியளவில் கதிரவன் மறைந்தான். சிறிது நேரத்தில் தெருவின் இருபுறமும், குறுக்கே கட்டிய தோரணங்களிலும் விளக்குகள் ஒளிர்ந்தன. ஆலன் பூங்காவிலிருந்து இசை கேட்டது.

தம்பி அண்ணாந்து பார்த்தபடி நடந்து, இருமுறை பிறர்மீது மோதிக்கொண்டான். சிவப்புத் தொப்பி அணிந்த குழந்தைகளைத் தோளில் சுமந்த தந்தையர், முக்காடு அணிந்த பெண்கள், பொட்டு வைத்த மூதாட்டிகள், தலைப்பாகை அணிந்த சீக்கிய இளைஞர்கள் எனத் தெரு நிறைந்திருந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்கள் 1927இல் தொடங்கிய ஃபுளூரிஸ் தேநீரகத்தின் முன்னும் நீண்ட வரிசை நின்றது.

“இவர்களுக்கெல்லாம் தேஷ் எதுவாக இருக்கும், அக்கா?” என்று தம்பி கேட்டான்.

“கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும்” என்றாள் அக்கா.

திரும்புகை

தம்பிக்குக் கொடுத்த வாக்கின்படி, பேருந்தில் ஏறி ஹௌரா பாலத்தின் மேலே சென்றனர். நெரிசலில் பேருந்து ஊர்ந்தது. தந்தை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வண்டி புறப்பட இரண்டு நிமிடங்களே இருந்தபோது ஓடிச் சென்று ஏறினர்.

எதிரில் அமர்ந்திருந்த பெண்மணி, சிறுமியின் மடியில் இருந்த கேக் பெட்டியைக் கண்டு புன்னகைத்தார். “வீடு எங்கே?” என்று கேட்டார்.

“வீடு கரக்பூர், தேஷ் திருநெல்வேலி” என்றாள் சிறுமி. இம்முறை அவளுக்குக் கூச்சம் தோன்றவில்லை.

இரவு பத்து மணிக்கு அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, ஆன்ட்டியின் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாய் பெட்டியை மகளிடம் கொடுத்து, “நீயே சென்று கதவைத் தட்டு” என்றார்.

அறிந்துகொள்வோம்

• கொல்கத்தாவின் ஆர்மீனியர் தேவாலயம் 1724ஆம் ஆண்டு கட்டப்பட்டது. ஆர்மீனியத் திருச்சபையினர் கிறிஸ்து பிறப்பை சனவரி 6ஆம் நாள் கொண்டாடுவர்.
• புனித பவுல் பேராலயம் 1847ஆம் ஆண்டு அருச்சிக்கப்பட்டது. அதன் கோபுரம் 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. பின்னர்ப் புதிய வடிவில் எழுப்பப்பட்டது.
• ஹௌரா பாலத்துக்கு 1965ஆம் ஆண்டு 'இரவீந்திர சேது' எனப் பெயரிடப்பட்டது. 'சேது' என்பது பாலத்தைக் குறிக்கும். தமிழிலும் இச்சொல் வழங்குகிறது.

சொல்லும் பொருளும்

ஐயம் – சந்தேகம்
பொருத்துநர் – இயந்திர உறுப்புகளை இணைத்துச் சரிசெய்பவர்
தறையாணி – தகடுகளைப் பிணைக்க அடித்து இறுக்கும் ஆணி
அடுமனை – ரொட்டி, கேக் முதலியன செய்யும் இடம்
பாகை – கோணத்தின் அளவு
தோரணம் – குறுக்கே கட்டும் அலங்காரம்

மொழியை அறிவோம்

பெருநாள் = பெருமை + நாள் (பண்புத்தொகை)
தொடர்வண்டி = தொடர்ந்த வண்டி, தொடர்கின்ற வண்டி, தொடரும் வண்டி (வினைத்தொகை)
அக்காதம்பி = அக்காவும் தம்பியும் (உம்மைத்தொகை)

இவ்வாறே செங்கல், சுடுமண், தாய்தந்தை ஆகிய சொற்களின் தொகை வகையைக் கண்டறிந்து எழுதுக.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. 'பொரோதின்' என்பதன் பொருள் ________.
2. நியூ மார்க்கெட் திறக்கப்பட்ட ஆண்டு ________.
3. முதியவரின் தேஷ் ________.

ஆ. ஓரிரு தொடரில் விடை தருக.
1. பிள்ளைகள் அதற்கு முன்னர்க் கொல்கத்தாவுக்குச் செல்லாதது ஏன்?
2. வேறு கடையில் கேக் வாங்கத் தாய் உடன்படாதது ஏன்?
3. விளக்குகளைப் பார்க்க நேரம் இருக்கும் என்பதைச் சிறுமி எவ்வாறு கண்டறிந்தாள்?

இ. ஐந்து தொடர்களில் விடை தருக.
1. 'பாரி', 'தேஷ்' ஆகிய இரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை முதியவரின் வாழ்க்கை கொண்டு விளக்குக.
2. பயணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறுமியின் எண்ணத்தில் காணும் மாற்றத்தை எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில், தமிழில் ஒரே சொல்லால் கூற இயலாத சொல் ஒன்று உண்டா? அதன் பொருளைத் தமிழில் விளக்குக.

உ. செயல்திட்டம்
உங்கள் தெருவில் வாழும் பெரியவர் ஒருவரிடம், அவர் எங்கிருந்து, எப்போது, எதற்காக அவ்வூருக்கு வந்தார் எனக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.